பால்காரரின் சைக்கிள் விளக்கு

மார்ச் ஒன்பது, ஞாயிறு. காலை ஏழரைக்குச் சாப்பாடு. எட்டு மணிக்குத் துணி துவைத்தேன். பிறகு முன்னறையில் பழைய பேப்பரை விரித்து, பால்காரரின் சைக்கிளை அதன்மேல் நிறுத்தி விளக்கைப் பிரித்தேன். அவர் பக்கத்தில் நின்றார்.

கந்தப்பளையில் எங்கள் வீதிக்குப் பால் கொண்டுவருபவர் அவர். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கோட்டு. பேசுமுன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். மனைவியின் கருமாதி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பல்பு நன்றாக இருந்தது. டைனமோவும் சுற்றியது. வயர்தான் நடுவில் துண்டாகியிருந்தது.

"எலி கடிச்சிருக்கும் போல அண்ணே," என்றேன்.

தொப்பியைக் கழற்றினார். "எலி இல்லீங்க சேர், நம்ம வீட்டுக்காரி. கத்திரிக்கோலால வெட்டிருச்சு."

"எதுக்கு?"

"இருட்டுல போனா சிறுத்தை அடிச்சிரும்னு பயம். நானும் ரெண்டு தடவ ஒட்டுப்போட்டேன், ரெண்டு தடவயும் வெட்டிருச்சு. அப்புறம் விடிஞ்சுதான் கெளம்புறது. பால் லேட்டுன்னு நீங்ககூட ஏசுனீங்களே." சிரித்தார்.

புது வயர் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். விளக்கு எரிந்தது.

"இப்ப மட்டும் இருட்டுல போகணுமா அண்ணே? சிறுத்தை இன்னும் நடமாடுதுதானே."

சக்கரம் நின்று விளக்கு அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழிப்பு வந்துருது சேர். விடியிற வரைக்கும் வீட்டுல அந்த ஒத்தக் காம்பராவுல தனியா இருக்க முடியலீங்க."

மறுநாள் இருட்டோடு பால் வந்தது. அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், முதல் வேலையாக அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். வெளிச்சம் வந்த பிறகுதான் போகவிட்டேன்.