முயல் தீவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

என் தங்கை மகள் மெர்சியின் பேத்திக்கு வரும் மே மாதம் தூத்துக்குடிக் கடற்கரை விடுதி ஒன்றில் திருமணம். வெளியூர் விருந்தினர்கள் எவற்றையெல்லாம் பார்க்கலாம் என்று எழுதித் தருமாறு மணப்பெண்ணே கேட்டிருக்கிறாள். எனக்கு வயது எண்பத்தொன்பது. ஆயினும் இந்தப் பொருளில் என் தகுதியை எவரும் மறுக்க இயலாது. மெர்சியின் திருமணத்துக்கு முந்தைய நாளான 1978 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பதினொருவருக்கு இந்த ஊரைச் சுற்றிக்காட்டியவன் நான். (23ஆம் தேதி என்று குடும்பத்தில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது திருமண நாள்.)

அவர்கள் சனிக்கிழமை முற்பகல் ரயிலில் வந்திறங்கினார்கள். அன்று மாலையே மாப்பிள்ளையின் பெரியப்பா தீர்ப்பு வழங்கிவிட்டார்.

"என்ன சார் ஊரு இது? ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் தூசி. நாளைக்கு வேன் சொல்லியாச்சு. கன்னியாகுமரி போயிட்டு ராத்திரி வந்துடறோம்."

ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பெண் வீட்டில் விருந்து. உறவினர் அனைவரும் பார்த்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் அமர வேண்டும். கன்னியாகுமரி போனால் ஏழு மணிக்குத் திரும்ப வழியே இல்லை. என் தங்கை அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மொதப் பந்தி காலியாக் கெடந்தா நாளைக்குக் கோயில்ல நான் எப்படி நிமுந்து நிக்க? என்னமாவது செய்யிண்ணே."

நான் கூடத்துக்குச் சென்று, நாளை அனைவரையும் ஒரு தீவுக்கு அழைத்துப் போவதாக அறிவித்தேன்.

"தீவா? தூத்துக்குடியிலயா?" என்றார் பெரியப்பா. வேனைக் காலை எட்டு மணி வரை காக்கவைக்க ஒப்புக்கொண்டார். எட்டு மணிக்குப் படகு இல்லையென்றால் கன்னியாகுமரி.

பத்தொன்பது ஆண்டுகள் பாளையங்கோட்டையில் அலுவலக வேலை பார்த்ததில் ஒன்றை நான் மறந்திருந்தேன். கத்தோலிக்க மீனவர்களின் இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளக்காரர் கஸ்பார் வீட்டு வாசலில் நின்றபோதுதான் அது உறைத்தது.

"ஞாயித்துக்கெழம வள்ளம் எறங்காது, அண்ணாச்சி. எங்க அப்பா காலத்துலயும் எறங்குனதில்ல" என்றார் கஸ்பார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஞாயித்துக்கெழம மீனுக்குத்தான லீவு, மனுசனுக்குமா? போன வருசம் தீவுக்குச் சாமியார ஏத்திட்டுப் போனியரே, அது என்ன கெழம?"

"ஏளா, நீ சும்மா இரி."

"சும்மா இருக்கேன். நீரு பதிலச் சொல்லும்."

கஸ்பார் சிரித்துவிட்டார். மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த பிறகு வருவதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனைகள்: கூலி வாங்க மாட்டார், வலையோ தூண்டிலோ தண்ணீரைத் தொடக் கூடாது.

ஞாயிறு காலை ஆறேகாலுக்கு உப்பளங்களைக் காட்டினேன். விருந்தினர்களே, இதைத் தவறவிடாதீர்கள். உதயத்தின் செம்மை பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும். ஏழேமுக்கால் மணிக்குப் பழைய துறைமுகம். கொழும்புக்குச் சரக்கேற்றும் தோணிகளின் பாய்மரங்களை அண்ணாந்து பார்த்துப் பெரியப்பா முதன்முறையாக வாய் மூடினார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கஸ்பாரின் வள்ளம் வந்து சேர்ந்தது. இதமான வாடைக் காற்றில் ஐம்பது நிமிடப் பயணம். முயல் தீவில் கண்ணாடித் தண்ணீர், வெண்மணல், கலங்கரை விளக்கம். கட்டுச்சோறு முடித்து இரண்டு மணிக்குப் புறப்பட்டோம்.

பாதி வழியில் வள்ளத்தின் பின்புறத்திலிருந்து ஓர் அலறல். பெரியப்பா சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்த தூண்டில் கயிற்றை எங்களுக்குத் தெரியாமல் விட்டிருக்கிறார். வள்ளத்துக்குள் பெரிய பாறை மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

கஸ்பார் பாயை இறக்கினார்.

"அய்யா, அது கடலுக்குப் போவணும். இல்லன்னா வள்ளம் இங்கனயேதான் கெடக்கும்."

"நாப்பது வருஷமா மெரினாவுல தூண்டில் போடறேன்பா. ஒண்ணுகூட மாட்டினதில்ல. இத விட்டுட்டுப் போய்ச் சொன்னா எவன் நம்புவான்?"

இருவரும் அசையவில்லை. மணி இரண்டு முப்பத்தைந்து. என் தங்கையின் முதல் பந்தி நடுக்கடலில் அசைந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவின் துயரம் மீனைப் பற்றியதல்ல, சாட்சியைப் பற்றியது என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று. என் குடையை மீனின் அருகில் வைத்தேன். குடையின் நீளம் சரியாக மூன்றடி. "நான் அளந்துவிட்டேன். இன்று இரவு பந்தியில் எழுந்து நின்று நானே சொல்வேன்" என்றேன்.

"அண்ணாச்சி பொறந்த நேரத்தக்கூட அளந்து வச்சிருக்க ஆளு" என்றார் கஸ்பார். "அவரு சொன்னா ஊரே நம்பும்."

பெரியப்பா மீனை இரு கைகளாலும் தூக்கினார். ஒரு முறை பார்த்தார். விட்டார். அது வாலால் ஒரு வெட்டு வெட்டி மறைந்தது. கஸ்பார் பாயை ஏற்றினார்.

கரை சேர்ந்ததும் செய்தி எங்களை முந்திக்கொண்டு ஓடிற்று. ஏழு மணிக்கு, கன்னியாகுமரி வேன் எப்போதோ திரும்பிப் போயிருக்க, பெரியப்பா முதல் பந்தியின் நடுவில் அமர்ந்திருந்தார். கடற்கரை ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். "ஞாயித்துக்கெழம மீன வுட்ட மனுசன் இவருதானா?" என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எழுந்து அளவைச் சொன்னேன். பெரியப்பா அடுத்தடுத்த பந்திகளுக்கும் எழாமல், ஒவ்வொரு வரிசைக்கும் கதையைப் புதிதாகச் சொன்னார். என் தங்கை சோற்று அகப்பையுடன் நின்று நிமிர்ந்து சிரித்தாள். மறுநாள் திருமணப் பந்தியில் முதல் இலை கஸ்பாருக்கும் அவர் மனைவிக்கும்.

மே மாதம் வருவோர் கவனத்திற்கு: உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்புங்கள், ஒன்பது மணிக்கு மேல் கண் கூசும். முயல் தீவுக்கு இப்போது துறைமுகம் வழியாகச் சாலையே இருக்கிறது. அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள். முத்துக்குளிப்பைக் காணலாம் என்று எண்ணி வராதீர்கள். 1978இலேயே அது நின்றுபோயிருந்தது. இவ்வூர் முந்திரி இனிப்பான மக்ரூனை ஊருக்குப் புறப்படும் நாளில் வாங்குங்கள், பெட்டிக்குள் நொறுங்கும். ஞாயிற்றுக்கிழமை எவரிடமும் மீன்பிடி வள்ளம் கேட்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. அந்த இரவு நான்காம் பந்தியில் மீன் நான்கரை அடியை எட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; நான் ரசத்தைக் குடித்தேன், திருத்தவில்லை. ஆனால் இது பந்தி அல்ல, எழுத்து. ஆகவே பதிவு செய்கிறேன்: இரண்டடி ஒன்பது அங்குலம்.