டீச்சர் வீட்டுக் கடலும் நான் மாட்டிய மெஷினும்

தாமிரபரணிக் கரையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுப் பிழைப்பதைப் போல ஆளின் பொறுமையைச் சோதிக்கிற தொழில் வேறு கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும், பாபநாசத்திலிருந்து வருகிற தண்ணீரைச் சுத்தம் பண்ண நீ யார் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மாட்டிக் கொடுத்தால், பழைய ருசி இல்லையே என்று மறுநாளே ஃபோன் வரும். ஏசி, இன்வெர்ட்டர், மிக்ஸி என்று பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற சகோதரர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடமாக இதே வேலை. வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை நிறைய இருக்கிறது. இது நான் அசந்துபோன ஒருவரின் கதை.

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்

ஜெசிந்தா டீச்சர் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவர். உவரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாக்கப்பட்டவர். மெஷின் வேண்டும் என்று கடைக்கு ஃபோன் செய்ததும், கடைக்கார அண்ணாச்சி என்னை அனுப்பினார். நான் கொண்டுபோனது கடையிலேயே விலை கூடியது. கிருமியைக் கொல்லும் விளக்கு, ருசிக்கு ஒரு திருகு, தாதுச்சத்து சேர்க்கும் காட்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் "வேண்டாம்" என்றார். இப்படியே போனால் வெறும் டப்பாவைத்தான் விற்க வேண்டியிருக்கும் போல என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அப்புறம்தான் முன்னறைக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி, காலியாக இருந்தது. முன்பு அதில் பவளமும் கடல்மீனும் வளர்த்தாராம். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றியதில் பாசி படர்ந்து எல்லாம் செத்துவிட்டன. நாம் குடிக்கிற தண்ணீரில் இருக்கிற குளோரினும், வயலிலிருந்து ஆற்றில் கலக்கிற உரச்சத்தும் நம்மை ஒன்றும் செய்யாது, பவளத்துக்கு ஆகாது என்று விளக்கினார். இன்னும் ஒரு தடவைதான் வளர்த்துப் பார்க்கப் போவதாகவும், இதுவும் செத்தால் தொட்டியையே எடுத்துவிடுவதாகவும் சொன்னார். உயிரை வைத்துக் கை பழகுவது பாவம் என்றார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு எத்தனை லிட்டர் கழிவு வெளியே போகும், அவர் தெருக் குழாயின் வேகத்துக்குத் தனி பம்பு வேண்டுமா, கடைசியில் மிச்சம்மீதியை இழுத்துக்கொள்ளும் ரெசின் எத்தனை நாள் வரும் என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் மூன்று தடவை அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். கடைசியில் டீச்சரே எனக்கு வழி காட்டினார்: "செல்வின், எல்லாத்தையும் எடுக்கணும், எதையும் சேக்கக் கூடாது. மீட்டர் பூஜ்யம் காட்டணும். அவ்வளவுதான்."

அண்ணாச்சிக்குத் தாகம்

டீச்சர் சொன்னபடியே சல்லடை, கார்பன், உப்பை வடிக்கும் மெம்பரேன், ரெசின் என்று வரிசையாக மாட்டி, கடைசியில் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ஒரு மீட்டரையும் பொருத்தினேன். பூஜ்யம் காட்டியது. என் தொழிலில் பூஜ்யத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான். கழிவுத் தண்ணீர் வீணாகாமல், பாத்திரம் கழுவவும் பின்னால் நின்ற வாழைக்கும் போகும்படி டீச்சர் குழாயை இழுத்திருந்தார். இரண்டு மாதத்தில் தொட்டிக்குள் ஒரு கடல் வந்து குடியேறியது. ஒரு ஜோடி கோமாளி மீன், சிவப்புக் கோடு போட்ட இறால்கள், கண்ணாடியில் ஊர்ந்து பாசி தின்னும் நத்தைகள், மென்பவளங்கள், நடுவில் பூவைப் போலிருக்கிற ஒரு கடல் சாமந்தி, அதுவும் பிராணிதான். அந்தச் சாமந்தி விரல்களை விரித்து ஆட்டும்போது பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும்.

நான் அளந்த அளப்பில் அண்ணாச்சியும் ஒரு நாள் பார்க்க வந்தார். உச்சி வெயில். டீச்சர் உள்ளே மோர் எடுக்கப் போயிருந்தார். நம் மெஷின் தண்ணீர்தானே என்று பக்கத்திலிருந்த கேனைத் திறந்து அண்ணாச்சி ஒரு தம்ளர் மடமடவென்று குடித்துவிட்டார். தொட்டிக்கு ஊற்றுவதற்காக உப்புக் கலந்து வைத்திருந்த கேன் அது. முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கியதே பெரிய காரியம். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியே இழுத்துப்போய் மெதுவாகக் கேட்டார்: "ஏலே, நாம போட்ட மெஷின் உப்ப எடுக்குதா, சேக்குதா?"

உவரியிலிருந்து வந்த கேன்கள்

டீச்சரின் அப்பா உவரியில் வள்ளம் வைத்திருந்தவர். மகள் பாக்கெட் உப்பு வாங்கிக் கடல்தண்ணீர் தயாரிப்பது அவருக்கு மானப் பிரச்சினை. மீன் வண்டியில் நான்கு கேன் கடல்தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கரையோரம் வள்ளங்களின் டீசலும் கலங்கலும் இருக்குமே என்று டீச்சர் மெல்லச் சொன்னார். அவருக்கே அது தெரியும் என்பதால் கேன்களை வண்டியிலேயே விட்டுவிட்டார். பவளக்கல் எடுத்துவரட்டுமா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. அது குற்றம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தொட்டியில் இருந்ததெல்லாம் பண்ணையில் வளர்ந்து ரசீதோடு வந்தவை.

டீச்சர் புதிதாகக் கலந்து வைத்திருந்த தண்ணீரில் பெரியவர் விரலை முக்கி நாக்கில் வைத்தார். கொஞ்சம் உப்பு குறைகிறது என்றார். டீச்சர் உப்பு அளக்கிற கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். குறைவாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் உப்பைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார்கள். பெரியவர் வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நாங்க கடல்ல மீனத்தான் எடுத்தோம் தம்பி. எம் மவ கடலையே செய்யுதா. குத்தம் சொல்ல முடியல, நல்லாத்தான் செய்யுதா."

என் அன்பளிப்பு

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு கம்பெனி, விளம்பரத்துக்காகக் கடைக்குக் கொஞ்சம் செம்புக் காட்ரிட்ஜ் இலவசமாகக் கொடுத்தது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே குணம் மெஷினிலேயே வரும் என்று பேச்சு. நல்ல வாடிக்கையாளருக்குக் கொடு என்றார் அண்ணாச்சி. எனக்கு டீச்சரை விட்டால் நல்ல வாடிக்கையாளர் யார்? ஒன்றுமே இல்லாத தண்ணீரைக் குடித்து அந்த ஜீவன்கள் என்ன சத்தைக் கண்டன என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறையும் இருந்தது. அடுத்த சர்வீஸுக்குப் போனபோது, டீச்சர் டீ போடப் போன நேரத்தில், மீட்டருக்கு அடுத்தாற்போல் அதைச் சொருகினேன். மற்றவற்றைப் போலவே வெள்ளை உருளைதான், வித்தியாசம் தெரியாது. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

கடையில் வந்து பெருமையாகச் சொன்னதற்கு அண்ணாச்சி தட்டிக்கொடுத்தார்: "வாடிக்கையாளரக் கூடப்பொறந்தவங்களா நெனைக்கவன்தான்லே நல்ல மெக்கானிக்கு."

செம்பைத் தேடிய வீடு

மூன்று வாரம் கழித்து டீச்சர் ஃபோன் செய்தார். மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒரு இறால்கூட இல்லை. நத்தைகளும் இல்லை. கடல் சாமந்தி சுருங்கி, வாய் தொங்கிக் கிடந்தது. மீன்களை மட்டும் சென்னையிலிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கப் பேசியாகிவிட்டது.

டீச்சர் தொட்டிக்காகத் தினமும் எழுதிவந்த நோட்டைத் திறந்து என்னிடம் கணக்கு ஒப்புவிப்பது போலச் சொன்னார். மீன் நன்றாக இருக்கிறது, இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன. செம்பு கலந்தால் இப்படித்தான் ஆகும். அதனால் வீடு முழுக்கச் செம்பைத் தேடினாராம். பித்தளைக் குழாயை மாற்றினார். பூஜைக்கு வைப்பது போலத் துலக்கி வைத்திருந்த மாமியாரின் செம்புக் குடத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மோட்டார் வயரைப் பிரித்துப் பார்த்தார். எங்கேயும் இல்லை, மீட்டரும் பூஜ்யம்தான் காட்டுகிறது, ஆகவே தப்பு தன்னுடையதுதான், தனக்கு இது வராது என்றார். கண் கலங்கியிருந்தது.

ஸ்பானரை எடுத்தேன். செம்பு என் கண் முன்னாலேயே, மீட்டரைத் தாண்டி, அது அளக்காத இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பைக்குள் போட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கழற்றத்தானே கூப்பிட்டிருக்கிறார். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு அதைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்து, நான்தான் மாட்டினேன் டீச்சர், நல்லது என்று நினைத்து மாட்டினேன் என்றேன்.

டீச்சர் கத்துவார் என்று நின்றேன். அவர் மாட்டிய தேதியை மட்டும் கேட்டு, நோட்டைப் புரட்டினார். முதல் இறால் செத்தது அதற்கு நான்காவது நாள். அந்த வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்து சொன்னார்: "அப்ப நான் கொல்லல செல்வின்."

அன்றே சென்னைக்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினார். மிச்சச் செம்பை இழுத்துக்கொள்ளக் கார்பனைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டார். நானும் வேலை முடிந்து போய்க் கேன் தூக்கினேன். ஆறாவது வாரம் சாமந்தி பைய விரிந்தது. டீச்சர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, மீட்டரை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் மாற்றி மாட்டச் சொன்னார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்குமுன், "இந்தத் தண்ணிய யார் குடிக்கப் போறாங்க?" என்று கேட்டுவிடுகிறேன், இதுவரை ஒருவர்கூட அதை மரியாதையான கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.