டார்சி பெரியப்பாவின் பங்கு

எல்வா அத்தை மலையேறும்போது நான்கு இடங்களில் நிற்பாள். மூச்சு வாங்க அல்ல. தொப்பியைக் கழற்றி ஒரு பெயரைச் சொல்லி, "மறவோம்" என்பாள். உடனே அவள் நாய் ஸ்பட் உட்கார்ந்து வாயைத் திறக்கும். அதில் ஓட்ஸும் தேங்காய்த்துருவலும் சேர்த்துச் சுட்ட ஆன்ஸாக் பிஸ்கட் ஒன்று விழும். எனக்கு நினைவு தெரிந்து மூன்று நாய்கள் மாறிவிட்டன. எல்லாவற்றுக்கும் ஸ்பட் என்றுதான் பெயர்.

தேசியப் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள். அதனால் எங்கள் குடும்பத்து வீரர்கள் எல்லாரும் பக்கத்து வனத்துறைக் காட்டில்தான் நினைவுகூரப்பட்டார்கள். முதல் வளைவு, முதல் உலகப்போரில் கல்லிப்போலிக்குப் போன ஆம்ப்ரோஸ் தாத்தாவுக்கு. ஓடைக்கரை, இரண்டாம் உலகப்போரில் தொப்ருக்கில் சண்டையிட்ட ஹெக்டருக்கு. உடைந்த பாறை, நியூகினியில் நர்ஸாக இருந்த வினிஃப்ரெடுக்கு. உச்சியில் நின்ற கருகிய யூகலிப்டஸ், வியட்நாமுக்குப் போன டார்சி பெரியப்பாவுக்கு.

அத்தை முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மலைச்சாலையில் ஒற்றைக் கையால் பேருந்தைப் பின்னால் எடுப்பாள். யாருக்கும் பயந்ததில்லை. ஆனால் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்ஸாக் நாள் ஒன்றின் விடியலில், நினைவுத்தூண் முன்னால் ஊரே "மறவோம்" என்றபோது, ஸ்பட் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து வாயைத் திறந்து ஊளையிட்டது. அன்று அத்தை முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

பிறகு கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்: "ஆறு கிலோ குறையணும். மூணு பிஸ்கட்டுக்கு மேல கூடாது."

பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்தாக வேண்டும்.

"டார்சி பெரியப்பாவை எடுத்துடலாம் அத்தை. அவர்தான் உயிரோட இருக்காரே."

ஓடைக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு.

"வாய மூடு. யுனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினாள். கருகிய மரத்தடியில் சொன்னாள்:

"என் கல்யாணத்துக்கு நேரா வியட்நாம்லருந்து வந்தான். யூனிஃபார்மோட. மாப்பிள்ளையோட கூட்டாளிங்க எல்லாம் போர் வேணாம்னு ஊர்வலம் போனவங்க. 'மாத்திட்டு வாடா, போட்டோ எடுக்கணும்'னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. பக்கத்து வீட்டு கோட்ட வாங்கிப் போட்டுட்டு வந்தான், கை பாதிதான் வந்துச்சு."

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்துச் சின்ன வயதிலிருந்து சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், படித்தது வரலாறு. அவர் ஏன் அதைப் போட்டிருந்தார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

"மன்னிச்சுக்கடான்னு சொல்லணும். நாப்பத்தஞ்சு வருஷமா சொல்லப்போறேன். அதுவரைக்கும் நாய் தின்னுட்டுப் போகட்டும்."

அந்த வருஷ ஆன்ஸாக் நாளில் நாங்கள் உச்சிக்குப் போனபோது பெரியப்பா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"பட்டியல்லருந்து என்னைத் தூக்கப்போறீங்களாமே? நாய் டாக்டர் சொன்னாரு. அதுல நான் இருக்கறதே எனக்குத் தெரியாது. நான் செத்துட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா அக்கா?"

"உன்ன யாருடா தூக்கறது?"

அத்தை தொப்பியைக் கழற்றினாள். இன்று மன்னிப்பைக் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"டார்சி," என்றாள். "ம…"

தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினாள்.

"ம… மறவோம்."

ஸ்பட் வாயைத் திறந்தது. பெரியப்பாவும் கையை நீட்டினார். அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பிஸ்கட்டை அவர் கையில் வைத்தாள்.

அவர் கடித்துப் பார்த்தார். "பல்லு போயிடும் போல இருக்கே. இதையா வருஷக்கணக்கா என் பேர்ல நாய்க்குப் போட்ட? பாவம் அது."

இறங்கும்போது அத்தை கேட்டாள்: "சொல்லிட்டேன்ல?"

"இல்ல அத்தை."

"அடுத்த வருஷம்."

ஆகஸ்டில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில் பனி விழுந்த வாரத்தில், அத்தை இறந்துபோனாள். இப்போது பெரியப்பாவும் நானும் ஸ்பட்டைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறோம். அத்தை சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொன்னால் அது என் வார்த்தையாகிவிடும். அவர் கேட்க வேண்டியது அவளுடைய வார்த்தையை.