துரை வீட்டுத் திரைச்சீலை

லயத்துப் பெண்களுக்கு உடுத்தத் தெரியாது என்று ஒரு காலத்தில் முழுமனதாக நம்பியவள் நான். என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விடியற்காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு, தலையில் மடித்துப் போட்ட கறுத்த கம்பளி, முதுகில் கூடை. அறுபது பேரும் அறுபது உருளைக்கிழங்கு மூட்டைகள் மாதிரி நடந்து போவார்கள். தீபாவளிக்கு வாங்கிய புதுச்சேலையைக்கூடச் சீக்கிரமே தேயிலைக் கறை நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் ஒருத்திக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் திம்புள்ளைப் பக்கம். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தும் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். எனக்குப் பதினான்கு வயது. தலவாக்கலைக்கு நடந்து போய்ப் படித்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் தையல் பாடம் உண்டு. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் தைத்தது கைக்குட்டை. அந்தத் தோட்டத்தில் யார் கைக்குட்டை வைத்து மூக்குச் சிந்தினார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். கடைவீதித் தையல்காரர் மாலையில் வாசலுக்குக் கூட்டித் தள்ளும் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிவருவேன். நூலுக்குக் கோதுமை மா சாக்கு. அதன் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் கழன்று வரும். தவறான முனையைப் பிடித்தால் சிக்குத்தான். நிறம் சேர்க்க ஓடைக்கரை உண்ணிப்பூவைப் பார்த்தேன். ஒரே கொத்தில் மஞ்சளும் ரோசும் சண்டையில்லாமல் இருக்கிறதே, துணியில் ஏன் இருக்கக்கூடாது? அப்படி மஞ்சளும் ரோசுமாக ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, கூத்துக்குப் போற உடுப்போ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. வெள்ளைச் சேலைக்கு வெள்ளை ரவிக்கை போடுகிறவரிடம் நிறத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கைக்குட்டையைத் தைக்கத் தொடங்கினேன்.

டீச்சரின் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது தோட்ட ஆபீஸ் கிளாக்கர் மகளின் கேள்வி. இருவரும் ஒரே பாதையில்தான் பள்ளிக்கூடம் போவோம். ஒருநாள் மேட்டு மலையில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஒங்க அம்மா இதுல எது?"

நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. பெற்ற தாயை அடையாளம் காட்ட முடியாமல் நின்றதில் எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிழல் மரம் வெட்டும்போது கிளை விழுந்து இடுப்பு நொறுங்கி, இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாது. ஆகவே அம்மா தினமும் பத்து மணிவாக்கில் மலையிலிருந்து களவாக இறங்கிவருவாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிவிட்டு, மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுவாள். அவள் நிரைச் செடிகளின் கொழுந்தைப் பக்கத்து நிரைக்காரி எடுத்துவைப்பாள். கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலை போடுவார். துரை மட்டும் பங்களா வாசலில் தூரக்கண்ணாடியோடு நிற்பார். அவர் கண்ணுக்கு அறுபது மூட்டை. அதில் ஒன்று குறைந்தால் தெரியாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மா இப்படி இறங்கிவராவிட்டால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் செய்தேன். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்த கதை.

துரைசானி வருடத்துக்கொரு முறை பங்களாவின் துணிமணிகளை மாற்றுவாள். கழித்துப்போட்டவற்றை டோபி லயத்துக்குக் கொண்டுவந்து விற்பார். அந்த வருடம் சாப்பாட்டறை ஜன்னல் திரை வந்தது. கெட்டியான மஞ்சள் துணி, தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள். எங்கள் முட்டைக்கோழி ஒன்றைக் கொடுத்து வாங்கினேன். அதில் அம்மாவுக்கு ஒரு படங்கும், தலைக்குக் கட்ட ஒரு துண்டும் தைத்தேன். பழைய சாக்குப் படங்கை அடுப்பில் போட்டேன்.

அம்மா அதைப் பிரித்துப் பார்த்தாள். "மலைக்கு எதுக்கு புள்ள இது? கோயிலுக்குப் போறப்ப கட்டிக்கிறேன்."

"சாக்கு கட்டிக்கிட்டுப் போனா நா பள்ளிக்கூடம் போக மாட்டேன்."

என் படிப்பை வைத்து மிரட்டினால் அவள் எதற்கும் இணங்குவாள் என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டு போனாள். லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. மாரியம்மன் தேர் கிளம்பிவிட்டது என்றாள் ஒருத்தி. உருளைக்கிழங்குகளுக்குத் தேரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் பாதையில் கிளாக்கர் மகளை நிறுத்தி மேட்டு மலையைக் காட்டினேன்.

"அந்தா, செவப்புப் பூ. அதுதான் எங்க அம்மா."

அவள் முன்னால் நடந்துவிட்டாள். அன்று முழுவதும் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

சாயந்திரம் கங்காணி எங்கள் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தொர கண்ணாடியில பாத்துட்டாரு. என் சாப்பாட்டு ரூம் திரை எங்கய்யா எறங்கிப் போவுதுன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. டோபிகிட்ட வாங்குனதுன்னு சொல்லிட்டேன். ஆனா எறங்குனத நா எப்புடி மறைக்கிறது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளையிலருந்து நீ அதையேதான் கட்டிக்கிட்டு வரணுமாம். அப்பத்தான் எங்க நிக்கிறேன்னு தெரியுமாம். இன்னொரு தடவ எறங்குனா பேர வெட்டிருவாராம். குடியிருக்கிற காம்பராவையும் விட்டுப் போகணும்."

ஒரு மனுசியை அவளுடைய துணியாலேயே கட்டிப்போடலாம் என்று அந்தத் துரைக்குத் தோன்றியிருக்கிறது. மாட்டுக்கு மணி கட்டுகிற புத்தி. ஆனால் மணியைத் தைத்துக் கொடுத்தவள் நான்தானே. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் இறங்கிவரவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். நான் நாலு மணிக்கு வந்து பார்த்தால் அப்பா ஈரத்தில் கிடந்தார். காலையில் வைத்த கஞ்சி கைக்கு எட்டாமல் ஆடை கட்டியிருந்தது. "பசிக்கல தாயி" என்றார். இரண்டாம் நாள் முதுகில் தோல் உரிந்திருந்தது.

மூன்றாம் நாள் அம்மா பெரட்டுக்குப் போனதும் புத்தகப் பையை ஆணியில் மாட்டினேன். இனி அது அங்கேயே தொங்கட்டும் என்று முடிவுகட்டிவிட்டேன். பத்து மணிக்குக் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். மேட்டு மலையில் சிவப்புப் பூ அசையாமல் நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கட்டின மாடு மாதிரி நிற்கிறாளே, ஒரு துரைக்கு இப்படிப் பயப்படுவாளா, ரோஷம் கெட்டவள் என்று வாய்விட்டே திட்டினேன்.

"யாரைப் புள்ள திட்டுற?"

திரும்பினேன். பின்பக்கம் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பாதையால் அம்மா வந்து நின்றாள். இடுப்பில் யாருடையதோ ஒரு சாக்குப் படங்கு, தலையில் கம்பளி. நான் மலையைப் பார்த்தேன். பூ அங்கேதான் நின்றது.

"பக்கத்து நிரைக்காரி கட்டிக்கிட்டு நிக்கிறா," என்றாள். "நாளைக்கி வேற ஒருத்தி. எல்லாரும் பேசி வச்சிருக்கோம். நீ ஏன் இங்க நிக்கிற? பையை எடு. ஓடுனா மத்தியானப் பாடமாச்சும் கெடைக்கும்."

என்னை விலக்கிவிட்டு உள்ளே போய் அப்பாவைப் புரட்டினாள். ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். உடுத்தத் தெரியாதவர்கள் என்று நான் எண்ணியிருந்த அந்த அறுபது பேரும் இரண்டே நாளில் என் துணியை என்னைவிட நன்றாக உடுத்தக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்து அதுதான் அவள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் துரை. மற்றவள் அவள் பெற்ற மகள்.