ஒரே புள்ளியில் இருபத்தாறு கடைகள்

வேன் சேல்ஸ்மேன் விக்டரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கம்பெனியின் மதுரை ஆபீஸிலிருந்து மூன்றாவது தடவையாக மெயில் வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் கடிதம் கொடுத்துவிட்டு அவன் வேன் போகும் லைனுக்குப் புது ஆளைப் போட வேண்டும். இந்துமதி அதைக் குடோன் வாசலில் நின்றபடியே படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். உள்ளே ஏழு வேன்களுக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. டீத்தூள், சோப்பு, பிஸ்கட்.

தூத்துக்குடியில் செந்தூர்பாண்டி அண்ணாச்சி நடத்தும் ஏஜென்சியில் அவள் சேல்ஸ் சூப்பர்வைசர். வயது நாற்பத்தொன்பது. பத்தொன்பது வயதில், குலசை தசராக் கூட்டத்தில் டீத்தூள் பாக்கெட் விற்க நாலு நாள் கூலிக்கு வந்தவள். வேஷம் கட்டி வந்தவர்களையும் அவள் விடவில்லை, காளி வேஷக்காரர் தலையில் ரெண்டு பாக்கெட்டைக் கட்டிவிட்டாள் என்று அண்ணாச்சி இப்போதும் சொல்லிச் சிரிப்பார். நாலு நாள் முப்பது வருஷமாகிவிட்டது. இப்போது அவள் டீத்தூள் விற்பதில்லை. விற்கிறவர்களைத் தேடிப் பிடிப்பதும், பிடித்தவர்கள் ஓடாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை.

பிடிப்பது சுலபம். இதுவரை நூற்றெண்பது பேரையாவது எடுத்திருப்பாள். இருப்பது ஏழு பேர். மற்றவர்கள் சாப்பாடு டெலிவரிக்கும், துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிக்கும், துபாய்க்கும், மாமனார் கடைக்கும் போய்விட்டார்கள். ஒருவன் மத்தியானம் ஆத்தூர்ப் பாலத்துக்கிட்டே வேனை நிறுத்தி, சாவியை வெற்றிலைக் கடையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டான். அன்றைக்கு அந்த வேனை எடுத்துவரப் போனதும் இந்துமதிதான்.

வேலை கேட்டு வருகிறவனிடம் அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரு பாக்கெட் டீத்தூளைக் கையில் கொடுத்து, பக்கத்திலிருக்கும் பாண்டித்துரை மளிகைக் கடையில் விற்றுவிட்டு வா என்பாள். பாண்டித்துரையிடம் முன்பே சொல்லிவைத்திருப்பாள், என்ன சொன்னாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவருக்கு அது மிகவும் பிடித்தமான வேலை. சிலர் வெளியே வந்து கடைக்காரரைத் திட்டுவார்கள். சிலர் சரக்கைப் பற்றி இன்னும் பத்து நிமிஷம் பேசுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் விக்டர் மட்டும் அவரிடம், “எப்ப வந்தா உங்களுக்குத் தோதுப்படும் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு வந்தான். அன்றைக்கே எடுத்துக்கொண்டாள்.

அவனுக்குக் கொடுத்தது திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை லைன். அதற்கு முன் அந்த லைனில் யாரும் மூன்று மாதம் தாங்கியதில்லை. விக்டர் தாங்கினான். மாதாமாதம் ஆர்டர் சரியாக வந்தது. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு ஆப்பைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடையின் வாசலிலும் நின்று போனை அழுத்தினால்தான் அந்தக் கடைக்குப் போனதாகக் கணக்கு. விக்டரின் பெயர் முதல் வாரமே சிவப்பில் வந்தது. காலை முழுக்க அவன் ஒரே இடத்தில் இருந்தான் என்றது ஆப். இந்துமதி அவனைக் கூப்பிட்டு, “ஏலே, ஆப் சொல்லுத மாதிரி நட, எனக்கு மதுரைக்காரன்கிட்ட மல்லுக்கட்ட முடியல” என்றாள். அவனும் நடந்தான். அதற்கப்புறம் விற்பனை பாதியாகிவிட்டது. அதற்குத்தான் இப்போது கடிதம்.

நாற்பத்தொரு வயதுக்காரனைத் தெருவில் விடுவதற்குமுன் ஒரு நாள் அவனோடு போய்ப் பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை அவன் வேனில் ஏறினாள். குதிகால் வலி வேறு. போகாமல் இருக்கத்தான் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

சந்தியாகுபுரத்தில் முதல் கடை பூட்டியிருந்தது. விக்டர் இறங்கிப்போய் வாசலில் நின்று போனை அழுத்தினான். ‘கடை மூடல்.’ அடுத்த கடையும் பூட்டு. அதற்கடுத்ததும்.

“இது பிலோமியக்கா கடை. இந்நேரம் பூட்டித்தான் கெடக்கும்” என்றான்.

“தெரிஞ்ச பிறகு எதுக்குலே வந்த?”

“ஆப்புக்காக வந்தேன்.”

“கடைக்காரியெல்லாம் எங்க?”

அவன் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினான். இங்கே கடை என்றால் வீட்டின் முன்னறை. நடத்துவது பெண்கள். கடலுக்குப் போன வள்ளங்கள் ஒன்பது மணிக்குமேல் கரையேறும், உடனே ஏலம். தங்கள் வீட்டு மீன் என்ன விலைக்குப் போகிறது என்று நின்று பார்க்காவிட்டால் அவர்களுக்கு ஓடாது. கதவைப் பூட்டிவிட்டு வந்தால் பன்னிரண்டு மணிக்குமேல்தான் திரும்புவார்கள். கடை சாயங்காலம்தான் திறக்கும். ஏஜென்சி வேன் நாலு மணிக்குக் குடோனில் நிற்க வேண்டும். அதனால் விக்டர் பத்து வருஷத்துக்கு மேலாக வேனை ஏலக் கொட்டகைப் பக்கத்தில் நிறுத்தி, அங்கேயே ஆர்டர் வாங்கி, அங்கேயே சரக்கை இறக்கிக் கொடுத்துவந்தான். மீன் கூடையோடு டீத்தூளும் வீட்டுக்குப் போனது.

ஆப் வந்தபின் அவன் பூட்டிய கதவுகளைச் சுற்றினான். ஒரு கடை தொடர்ந்து மூன்று முறை மூடியிருந்தால் ஆப் அதை ஆர்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், வாசலில் போய் நிற்பதை மட்டும் தொடர்ந்து கேட்கும். இருபத்தாறு கடைகள் அப்படிக் காணாமல்போயிருந்தன. பட்டியலில் இல்லாத கடைக்கு ஆர்டர் போட முடியாது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

“நீங்கதானக்கா ஆப் சொல்லுத மாதிரி நடன்னிய.”

“கொட்டகைக்கு வண்டிய விடுலே” என்றாள் இந்துமதி.

ஏலக் கொட்டகையில் பிலோமி அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். “வாங்க விக்டரு. பூட்டுன கதவா பாத்து நின்னுட்டுப் போறியளாமே. கதவு எத்தன பாக்கெட் கேட்டுச்சு?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். விக்டர், “எங்க மேடம் வந்திருக்காவ” என்றான்.

“மேடத்த இப்படியா வெயில்ல நிறுத்துவிய? அந்த ஐஸ் பொட்டி மேல உக்காருங்கம்மா.”

ஞானபாக்கியம் என்ற வயதான கடைக்காரி கிட்டே வந்தாள். “எங் கடைய உங்க போன்ல எடுத்துட்டாவளாமே. கடை அங்கனதான் இருக்கு. நானும் இன்னும் சாவல.”

இந்துமதி அங்கிருந்தே மதுரைக்குப் போன் போட்டாள். ஏரியா மேனேஜர் பாலகணேஷ் முப்பது வயதுக்காரர், குரல் உயர்த்தாதவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “புரியுது மேடம். ஆனா கடை எங்க இருக்கோ அங்கதான் விசிட் இருக்கணும்.”

“கடை அங்கன இருக்கு சார். கடைக்காரி இங்கன இருக்கா.”

“சிஸ்டத்துல கடைக்காரிக்கு இடம் இல்ல மேடம். கடைக்குத்தான். லெட்டர் சனிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க.”

ஐஸ் பெட்டி ஈரத்தில் சேலை நனைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இதுபோன்ற கடிதம் எத்தனையோ கொடுத்திருக்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்பது மனப்பாடம். விளம்பரம், நாலு பேர், அதில் ஒருவன், மூன்று மாதம், மறுபடி விளம்பரம். ஆனால் இந்த ஆளைக் கெடுத்தது அவள் சொன்ன ஒரு வார்த்தை. அவன் செய்த தப்பு, அதைக் கேட்டதுதான்.

போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். சூப்பர்வைசர் புதுக் கடை சேர்க்கலாம். இருக்கும் இடத்தைக் குறித்து, கடைக்காரரோடு ஒரு போட்டோ, அவர் போனுக்கு வரும் நம்பர். அவ்வளவுதான்.

“பிலோமி, உங்கள ஒரு போட்டோ எடுக்கணும். உங்க கடை இதுதான்னு சொல்லணும்.”

“எது, இந்தக் கூடையா?”

“கூடைதான்.”

“கூடைக்கு வரி கிரி போட்டுர மாட்டாவளே?”

“டீத்தூள் வரும். வேற ஒண்ணும் வராது.”

பிலோமி தலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி தன் வீட்டுச் சீலா மீனும் படத்தில் விழ வேண்டும் என்றாள். ஞானபாக்கியம் சிரிக்க மறுத்துவிட்டாள். “எங் கடைய எடுத்தவனப் பாத்து நான் எதுக்குச் சிரிக்கணும்?” ஏலக்காரர் விலை கூவுவதற்கு நடுவே நம்பர் கேட்டு வாங்குவதற்குள் தொண்டை வறண்டது. இருபத்தாறு பேரை முடிக்க மணி ஒன்றாகிவிட்டது.

வரைபடத்தில் இருபத்தாறு கடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் நின்றன. இது பொய்யா என்று வேனில் திரும்பும்போது யோசித்தாள். வாங்குகிறவர்கள் அங்கேதான் வாங்குகிறார்கள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

மூன்று நாள் விக்டர் கொட்டகையில் நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் பெயர் பச்சைக்கு வந்தது. கடிதம் போகவில்லை. மதுரையும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாலகணேஷ் கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்திருந்தது. “மேடம், மீட்டிங்ல உங்க மேப்பைப் போட்டுக் காட்டுனாங்க. ஒரே இடத்துல இருபத்தாறு கடை. பெரிய மார்க்கெட்டா இருக்கும்போல. இத்தனை வருஷம் எப்படி விட்டோம்? டார்கெட் ரெண்டு மடங்கு ஆக்கியாச்சு. ஒரு ஆள் பத்தாது, இன்னொரு ஆள் எடுங்க.”

“சார், அது வந்து...”

“அப்ரூவல் வந்துருச்சு மேடம்.”

உண்மையைச் சொன்னால் புள்ளி போகும். புள்ளியோடு விக்டரும் போவான். “சரி சார்” என்றாள்.

குடோனில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த விக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

“ரெண்டு மடங்கா? ஊரே டீயில குளிச்சாலும் அவ்வளவு ஓடாதேக்கா. பேசாம அன்னிக்கே அந்த லெட்டரக் குடுத்திருக்கலாம்லா.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. வேணுமா?”

“வேண்டாம்க்கா” என்று சொல்லிப் பெட்டியை மறுபடி தூக்கினான்.

இந்துமதி செருப்பைக் கழற்றிக் குதிகாலைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. பிறகு மேஜையில் ஒரு தாளை இழுத்து, ஆள் தேவை என்று எழுத ஆரம்பித்தாள்.