பிரேக் இல்லாத படகில் பிரேக்கக்கா

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது பிரேக்கக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை அவர் மிதித்த மிதியில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர். டீவியில் ஒரு கார் வேகமாக வந்தாலும் சோபாவில் உட்கார்ந்தபடியே வலது கால் தரையை அழுத்தும்.

அவருடைய கணவர் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்க ஊரார் பல்லோடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, வீட்டில் தன் வாயை அதிகம் திறக்கமாட்டார்.

ஒருநாள் ஒரு கடை ஜன்னலில் ஓடிய வீடியோவில் அக்கா சொக்கிப்போனார். முழங்கால் தண்ணீரில் ஒருவர் நின்றுகொண்டு நீளமான கம்பை முன்னும் பின்னும் வீசுகிறார். நூல் காற்றில் வளைந்து வளைந்து போகிறது. நூலின் நுனியில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி செய்த முள். முக்கியமாக, அங்கே யாரும் கியர் மாற்றவில்லை, யாரும் அலறவில்லை. அன்றே அக்கா ஒரு கம்பு வாங்கிவிட்டார்.

ஏரிக்கரையில் நின்று வீசினால் நூல் முதலில் பின்னால் போகும். பின்னால் மரங்கள் இருந்தன. அக்கா மீனுக்குப் பதிலாக மரத்தைத்தான் பிடித்தார். கணவரின் வேலையிடத்தில் எல்லோரும் கேட்டார்கள்: "என்ன சார், வீட்டம்மா ஏரியில ஈ ஓட்டுறாங்களாமே?"

மரமே இல்லாத இடம் ஏரியின் நடுவில்தான் என்று அக்கா முடிவுகட்டினார். அடுத்த வாரம் ஹாலில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. காற்றடைக்க இரண்டு நீளக் குழாய்கள், அவற்றை இணைக்க ஓர் இரும்புச் சட்டம், சட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி, பக்கத்துக்கு ஒரு துடுப்பு. ஒருவர் மட்டும் உட்காரலாம். கால் தண்ணீரில் தொங்கும். கையில் கம்பு இருக்கும்போது காலால் நகர்த்துவதற்கு, வாத்துக்கால் போல ஒரு ஜோடி ரப்பர்.

கணவர் மூலையில் உட்கார்ந்து, கூட வந்த புத்தகத்தைப் படித்தார். "ஏம்மா, காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் கிளம்பணுமாம்."

"காத்து குழாய்க்குள்ள இருக்குங்க! பம்பை மிதிங்க முதல்ல."

அவர் மிதித்தார். அதற்கு மேல் பேச மூச்சும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனார்கள். வாத்துக்காலோடு முன்னால் நடந்தால் தடுக்கும், பின்னால்தான் நடந்து தண்ணீரில் இறங்க வேண்டும். ரிவர்ஸில் அக்காவை அசைக்க ஆள் கிடையாது. இடது தோள், வலது தோள் என்று திரும்பிப் பார்த்து, அங்கே நீந்திக்கொண்டிருந்த இரண்டு வாத்துகளுக்குக் கையால் சிக்னலும் காட்டி, அழகாகப் போய் மிதந்தார்.

ஏரி நடுவில் முதல் வீச்சு எதிலும் மாட்டவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீசினார், வீசினார், வீசிக்கொண்டே இருந்தார். காற்று படகைத் தள்ளிக்கொண்டு போவதைக் கவனிக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது கரையில் கணவர் கடுகளவு தெரிந்தார். திரும்பிப் பார்த்தால், பின்னால் இதே போல இன்னொரு படகு. அதில் அகலத் தொப்பியோடு டெஸ்ட் ஆபீசர். அக்காவின் மாணவர்களை ஈவிரக்கமில்லாமல் ஃபெயில் போடும் அதே மனிதர்.

வலது கால் தானாக மிதித்தது. வாத்துக்காலை உதைத்தால் படகு பின்னோக்கித்தான் போகும் என்பது அக்கா படிக்காத பக்கத்தில் இருந்தது. படகு வேகம் எடுத்தது. அக்கா இரண்டு காலாலும் மிதித்தார்.

"மேடம்! காலை எடுங்க!"

"பிரேக் போட்டுட்டுத்தான் சார் இருக்கேன்!"

"படகுல ஏது மேடம் பிரேக்கு!"

பொத்தென்று ஒரு சத்தம். காற்றுக் குழாய்கள் என்பதால் யாருக்கும் அடியில்லை. ஆனால் ஆபீசரின் துடுப்பு ஒன்று கழன்று, நாணல் பக்கம் மிதந்து போய்விட்டது.

அது போவதை இருவரும் பார்த்தார்கள். பிறகு ஆபீசர் பழக்கதோஷத்தில் கேட்டார்: "கண்ணாடி பாத்தீங்களா?"

"கண்ணாடியே இல்லையே சார்."

ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு வட்டம்தான் போட முடியும், அந்தக் காற்றுக்கு வாத்துக்கால் மட்டும் போதாது. வேறு வழியில்லாமல் ஆபீசரின் படகைக் கயிற்றில் கட்டி அக்காதான் இழுத்தார். துடுப்பு போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆக, எதிர்க்காற்றில் ஏரியைக் கடக்கும் மட்டும் இருவரும் முகத்துக்கு முகம்.

"போன வாரம் அந்தப் பொண்ணை ஏன் சார் ஃபெயில் பண்ணீங்க?"

"இண்டிகேட்டர் போடல."

"அப்ப சரிதான்."

கொஞ்ச தூரம் போனதும் ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். "இடது கை கொஞ்சம் அதிகமா இழுக்குறீங்க, மேடம்."

"வண்டியை நான் பாத்துக்கிறேன். நீங்க பேசாம உக்காருங்க சார்."

இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்ல அக்கா எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார். கை வலியே தெரியவில்லை.

கரையில் கணவர் இரண்டு படகையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, மீன் பிடிக்கப் போறேன்னுட்டு ஆபீசரைப் பிடிச்சுட்டு வந்திருக்க?"

அக்கா அசரவில்லை. அன்று இரவே புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தார். அடுத்த ஞாயிறு புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக முதலில் துடுப்பு போட்டார். திரும்பும்போது காற்றே கரைப் பக்கம் கொண்டுவந்து விட்டது. புதுத் துடுப்போடு ஆபீசரும் வந்திருந்தார், அக்காவிடமிருந்து நல்ல இடைவெளி விட்டு.

ஒரு மழைக்காலக் காலையில், தள்ளி மிதந்த ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் மீன் மாட்டியது. அக்கா போட்ட கூச்சலில் மற்ற மீனெல்லாம் ஓடியிருக்கும். முள்ளைக் கழற்றி, மீனின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, திரும்பத் தண்ணீரில் விட்டார். வீட்டுக்கு வருவதற்குள் மீன் ஒரு முழம் ஆனது. டிரைவிங் ஸ்கூலில் அதற்கு மேலும் வளர்ந்தது. யாரும் நம்பவில்லை என்றதும், டெஸ்ட் நடக்கிற இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அக்கா ஆபீசரைச் சாட்சிக்கு இழுத்தார்.

"நீங்களே சொல்லுங்க சார், எவ்வளவு பெருசு?"

ஆபீசர் பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை. "உள்ளங்கை அளவு," என்றார். கொஞ்சம் யோசித்து, "சின்னக் குழந்தையோட உள்ளங்கை," என்று திருத்தினார்.