டாக்டர் வருகிறார், சிரிக்காதீர்கள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் நலம் விசாரித்தாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். ஜூரோங்கில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சிமெண்டு மூட்டையோடு சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அலறியடித்துக்கொண்டு ஓடிய என்னிடம், "நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்பிட்டியா?" என்றார் அந்த மகானுபாவர்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் குனிய முடியவில்லை. செருப்பை நான்தான் மாட்டிவிட வேண்டும். எங்கள் அறை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது; படி இறங்குவதென்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அரசாங்க உதவிப்பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது தொடர்ந்து வர, டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து, இவரால் கனமான வேலை முடியாது என்று எழுத வேண்டும். முடியும் என்று எழுதிவிட்டாரோ, பணம் நின்றுவிடும், மனுஷர் மறுபடி மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

நான் ஒன்றும் அவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள் என்றுதான் மல்லுக்கு நின்றேன். அவருடைய துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நானே டாக்டராகி எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். வாங்க, டீ குடிக்கிறீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, டீக்கடையா வெச்சிருக்கோம்? இடுப்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க!"

"அது கொஞ்சம் இழுக்குது. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ரெண்டு நாளா? நேத்து பல்லு விளக்கக் குனிஞ்சவரை நிமித்தறதுக்குள்ள என் முதுகு போச்சு!"

அதட்டி, கெஞ்சி, கடைசியில் "குனிய முடியலை, தூக்க முடியலை" என்று சொல்ல வைத்தேன். சொன்னார். ஆனால் கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுப்பவரைப் போல் வாயெல்லாம் சிரிப்போடு சொன்னார். சிரிக்காமல் சொல்ல வைக்க இன்னும் ஒரு பொழுது போயிற்று.

வீட்டையாவது ஒழுங்காக வைப்போம் என்று தரையைத் துடைத்துப் புதுத் திரையும் மாட்டினேன். கீழே பூக்கடை வைத்திருந்த அக்கா ஏறிவந்து பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

"என்னடி இது, பொண்ணு பாக்கவா வர்றாங்க? இப்படிப் பளபளன்னு இருந்தா, இவங்களுக்கு எதுக்குப் பணம்னு டாக்டர் போயிடுவாரு லா!"

எனக்குக் குப்பென்று வியர்த்தது. திரையைக் கழற்றினேன். பழைய சுவர் பல்லிளித்தது. வருகிறவர் இதைப் பார்த்து மூக்கைப் பிடித்தால் என் மானம் என்னாவது? மறுபடி மாட்டினேன். அக்கா முறைத்தாள், கழற்றினேன். அவள் கடைக்கு இறங்கியதும் மாட்டிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், இவர் சவரம் செய்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கல்யாணச் சட்டையும் முகம் நிறையப் பவுடருமாக நிற்கிறார்!

"வியாதிக்காரர் மாதிரி இருங்கன்னா, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்களே!"

"படிச்ச மனுஷன் வீடு தேடி வர்றாரு. பரதேசி மாதிரியா நிக்கிறது?"

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தவர் வயதான சீனர். தமிழ் தெரியாது. எங்கள் ஒத்திகை முழுக்கத் தமிழில் நடந்திருந்தது. அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு, மலாயில் அன்பாக, "ஆப்பா காபார்?" என்று நலம் விசாரித்தார். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரியும். நான் கண்ணைக் காட்டுவதற்குள், "காபார் பாயிக், துவான்!" என்று முழங்கிவிட்டார் என் வீட்டுக்காரர். ரொம்ப நல்லா இருக்கேன், ஐயா! போதாததற்கு, டாக்டர் உட்கார நாற்காலியை வேறு இழுத்துப் போட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்தேன்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பை அழுத்திப் பார்த்தார். பிறகு, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்.

இவர் சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் வரவில்லை. ஒரு கையை ஊன்றினார். இரண்டு கையையும் ஊன்றினார். பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. நான் தூக்க ஓடினேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். இவர் இன்னொரு முறை எம்பிப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "தாக் போலே, துவான்" என்றார். முடியவில்லை, ஐயா.

சிரிக்காமல் சொன்னார். இத்தனை பாடுபட்டு நான் கேட்க நினைத்தது அதைத்தானே? கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. டாக்டருக்கு எதிரே போய் நின்றுகொண்டு கத்தினேன்: "யாரு சொன்னது முடியாதுன்னு? மலையையே தூக்கிட்டு வந்த மனுஷன் டாக்டர் இவரு! முடியும்! இவரால எல்லாம் முடியும்!"

டாக்டர் என் அழுகையைப் பார்த்தார், தரையிலிருந்தவரைப் பார்த்தார். இனி கனமான வேலை கூடாது, பணம் தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நானும் அவருமாக ஆளுக்கொரு கை கொடுத்து என் வீட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தினோம்.

நல்லவேளை, அந்தப் புண்ணியவானுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது.